நூல் கடித்த பல்

பனியன் கம்பெனியில் நாங்கள் யாரும் நூலைக் கத்தரியால் வெட்டுவதில்லை. கத்தரி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு குட்டிக் கத்தரியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். அது கைதவறித் துணியோடு துணியாகப் பெட்டிக்குள் போய்விட்டால் வெளிநாட்டுக்காரன் சரக்கையே திருப்பி அனுப்பிவிடுவான் என்று பயம். அந்தக் கயிறு எட்டாது. எட்டினால் கத்தரி மழுங்கியிருக்கும். மழுங்காமல் இருந்தாலும், அதைத் தேடி எடுத்து வெட்டிவிட்டு வைப்பதற்குள் பக்கத்து மெஷின்காரி அடுத்த பீஸை முடித்திருப்பாள். எங்களுக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. அதனால் தலையைக் குனிந்து நூலைப் பல்லில் வாங்கி ஒரே வெட்டு. குனிந்ததும் நிமிர்ந்ததும் எங்களுக்கே தெரியாது. அதைக் கடிப்பது என்று நாங்கள் நினைத்ததே இல்லை. தையல் என்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிற நாளில் மட்டும் சூப்பர்வைசர் லைன் லைனாக வந்து கெஞ்சுவார். "இன்னிக்கு ஒருநாளைக்கு ஆரும் வாயில நூல் கடிக்காதீங்க சாமி. கொழந்தைத் துணிங்க, எச்ச பட்டிரப் போவுது." நாங்களும் அன்றைக்கு நல்ல பிள்ளைகளாகக் கத்தரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மறுநாள் பழையபடி குனிவோம். துணியில் எச்சில் படுமே என்று கவலைப்பட ஆள் இருந்தது. பல் என்ன ஆகும் என்று ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. மற்றவர்களை எதற்குச் சொல்ல வேண்டும், நானே பேசியதில்லை.

நான் தெற்கத்திக்காரி. கரிசல்காட்டில் மழை பொய்த்துப்போய், வீட்டுக்காரரும் நானும் ஒரு மூட்டையோடு திருப்பூரில் வந்து இறங்கியபோது எனக்கு என் மகளின் இப்போதைய வயதுகூட இல்லை. மண்ணரையில் ஒரு லைன் வீடு பிடித்தோம். பக்கத்திலேயே கம்பெனி. வந்த புதிதில் முன்பல் ஒன்று வலியெடுத்து உதடு வீங்கிவிட்டது. மெயின் ரோட்டில் இருந்த ஒரு பல் டாக்டரிடம் போனேன். அவர் என் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் என் பேச்சைக் கேட்டார்.

"எந்தூருங்க? தெக்கத்திப் பக்கமா? பனியன் வேலைக்கு வந்தீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் உதவிக்கு நின்ற பெண்ணிடம் திரும்பி, "எடுத்து உட்டரலாம் கண்ணு. இவங்கெல்லாம் நாளைக்கே ஊருக்குப் போயிருவாங்க" என்றார். எடுத்துவிட்டார்கள். வேறு வழி உண்டா என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அவர் சொன்ன அந்த ஊருக்கு நான் இன்னும் திரும்பிப் போகவில்லை. என் ரேஷன் கார்டு இங்கேதான் இருக்கிறது. என் பிள்ளைகள் இங்கேயே படித்து, எனக்கே 'ஏனுங்கம்மா' போட்டுப் பேசுகிறார்கள். பல் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

நடுவில் ஒருமுறை ஆசைப்பட்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒற்றைப் பல் செட் ஒன்று செய்து வைத்துக்கொண்டேன். ரோஸ் நிறத் தகட்டில் ஒட்டின பல். கொஞ்ச நாள் கண்ணாடி முன்னாலேயே நின்றேன். பிறகு ஒரு நாள் வேலை மும்முரத்தில் நூலைக் கடிக்கக் குனிந்திருக்கிறேன். அது நூலோடு வந்து பீஸ் கட்டுக்குள் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செக்கிங் டேபிளில் இருந்து ஒரு குரல். ஒரு அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இது ஆரோட பல்லுங்க?" என்று கேட்டாள். ஹால் முழுக்கச் சிரித்தது. மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. நானும் வாயை மூடிக்கொண்டே சிரித்தேன். என்னுடையது என்று சொல்ல எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் சூப்பர்வைசர் அதை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். நான் ஆசைப்பட்டுச் செய்த பல்லைப் போடுவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த பீஸை எடுத்தேன்.

அன்றிலிருந்து என் வலது கை வாய்க்குக் காவல் நிற்கிறது. பேசினாலும் சிரித்தாலும் தானாக மேலே போய்விடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ரொம்ப அடக்கமான பொம்பளை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கா அடக்கம்? கையால் வாயைப் பொத்திக்கொண்டே தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுகிறவள் மண்ணரையில் நான் ஒருத்திதான்.

ஒரு பெண் என் பக்கத்து மெஷினுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஜார்க்கண்ட்காரி. கான்ட்ராக்ட்காரர் கூட்டிவந்த ஆட்களில் ஒருத்தி. புருஷன் எங்கோ கேரளாவில் கட்டட வேலையில் இருந்தான். அவளுக்குத் தமிழ் வராது. எனக்கு மெஷின் ஹிந்தி வரும். பீஸ் கொண்டா, நூல் மாத்து, சீக்கிரம் பண்ணு, சாப்பிட்டாயா என்கிற அளவு. முதலில் நானும் இந்த வடக்கத்தி ஆட்களை நன்றாகத்தான் வைதேன். கூலியைக் குறைக்க வந்துவிட்டார்கள், பாக்குப் போட்டுத் துப்பி வைக்கிறார்கள் என்று. இந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் எங்களைச் சொன்ன பேச்சு அது. அதை அப்படியே அவர்கள் தலையில் இறக்கிவிட்டு நாங்கள் உள்ளூர்க்காரர்கள் ஆகிவிட்டோம்.

அவள் என்னைத் தீதி என்பாள், அக்கா என்று அர்த்தம். டீக்கு விடும்போது அவளுக்கு டீ வேண்டாம், போன்தான் வேண்டும். ஊரில் அவள் அம்மாவிடம் ஒரு மகளை விட்டுவிட்டு வந்திருந்தாள். பால்பல் விழுகிற வயது. பின்பக்கம் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடத்தில் குத்தவைத்து, வீடியோவில் அந்தக் குழந்தையைப் பார்ப்பாள். குழந்தை ஒவ்வொரு நாளும் முதல் காரியமாக வாயைத் திறந்து காட்டும். எந்தப் பல் ஆடுகிறது, எது விழுந்தது என்று காட்ட வேண்டும். இவளும் வாயைத் திறந்து தன் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவாள். அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் தள்ளி நின்று பார்ப்பேன்.

அவளுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று கறுத்திருந்தது. சின்ன வயதில் அடிபம்பின் கைப்பிடி பட்டதாம். வெகுநாள் சும்மா இருந்த பல் திடீரென்று ஒருநாள் வலியைக் கிளப்பிவிட்டது. மேலுதடு வீங்கி மூக்குவரை ஏறிவிட்டது. அப்போதும் வேலைக்கு வந்தாள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வந்தால்தான் கூலி. டீ நேரத்தில் போனை எடுத்தாள். ஆனால் கேமராவை அணைத்துவிட்டுப் பேசினாள். நெட் சரியில்லை என்று பொய் சொன்னாள். அந்தப் பக்கம் குழந்தை கறுப்புத் திரையோடு பேச மாட்டேன் என்று போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. இவள் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஷிப்ட் முடியட்டும், பல் டாக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன் என்றேன்.

போன இடத்தில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "உங்களுக்குங்களாக்கா, இவிகளுக்குங்களா?" என்று கேட்டாள். இவளுக்கு என்றேன். "அப்ப ஆறு மணிக்கு மேல வாங்க. ஹிந்திக்காரங்களுக்குப் பல்லு எடுக்கறதெல்லாம் சாயந்தரந்தானுங்க."

"எடுக்கணும்னு உனக்கு யாரு தாயி சொன்னா? இன்னும் டாக்டர் பாக்கவே இல்லையே" என்றேன், கையை வாய்மேல் வைத்துக்கொண்டே. அந்தப் பெண் பெஞ்சைக் காட்டினாள். பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு மூன்று வடக்கத்திப் பையன்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சோபாவில் உள்ளூர்க்காரர்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. நான் போய் அவளோடு பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். சோபாவில் இடம் இருந்தது, அதில் உட்கார எனக்குக் கால் வரவில்லை.

என் பல்லை எடுத்தவர் இல்லை, இவர் வேறு டாக்டர். அறுபதை நெருங்குகிறவர், பொறுமையானவர். வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, சீழை எடுத்து வலியைத் தணித்தார். பிறகு என்னிடம் சொன்னார். "பாருங்கம்மிணி, ரூட் கெனால் பண்ணுனா இந்தப் பல்லக் காப்பாத்திரலாமுங்க. ஆனா அதுக்கு நாலு வாட்டியாச்சும் வரோணும். இவங்க ரெண்டாவது வாட்டியே வரமாட்டாங்க. லீவு குடுக்கமாட்டாங்க, இல்லீன்னா திடீர்னு ரயிலேறிப் போயிருவாங்க. பாதியில உட்ட பல்லு கெட்டுப்போயி மூஞ்சியே வீங்கி வந்து நிப்பாங்க. நானே எத்தனையோ பார்த்துட்டனுங்க. எடுத்து உட்டா ஒரே நாள்ல முடிஞ்சுதுங்க."

அவர் கெட்டவர் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் சொன்னதை அவளுக்கு எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். பல்லை எடுத்துவிடலாம் என்கிறார் என்றதும் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். "மகள் பயந்துவிடுவாள் தீதி" என்றாள்.

"நான் கூட்டியாரேன் சார்" என்றேன். "எத்தனை தடவை சொல்லுதீகளோ அத்தனை தடவை. நான் இங்கனயேதான் இருக்கேன். எங்கயும் ஓடிப்போக மாட்டேன்."

டாக்டர், "செரி, உங்களை நம்பிச் செய்யறனுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் எவ்வளவு உயரம் போய்விட்டேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. மறுநாள் காலையில் லைன் முழுக்கச் சொல்லியாயிற்று. டாக்டர் என்னை நம்பித்தான் செய்கிறார், நான் இல்லை என்றால் இவள் பல் போயிருக்கும் என்று. பெரிய பல் டாக்டர் ஆகிட்டியா என்று கேலி செய்தார்கள். அதுவும் எனக்கு இனித்தது. சூப்பர்வைசரிடம் இவளுக்குப் பர்மிஷன் கேட்டபோது, "ஏனுங்க்கா, பல்லுக்கெல்லாமா பர்மிஷன்? ஷிப்மென்ட் தலைக்கு மேல நிக்குது" என்றார். "உங்க பல்லு விழுந்தா அப்பத் தெரியும் அருமை" என்று சண்டை பிடித்து வாங்கினேன். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமையும் வந்து தைத்தோம்.

இரண்டாவது தடவை போனோம். அடுத்ததற்கும் போனோம். வீக்கம் வடிந்து, வலி அடங்கி, அவள் முகம் பழைய முகமாக வந்துவிட்டது. வேரைச் சுத்தம் செய்து மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்திருந்தார்கள். கடைசித் தடவை வந்தால் மேலே உறை போட்டுவிடலாம் என்றார் டாக்டர். "அதுவரைக்கும் அந்தப் பல்லுல எதையுங் கடிக்கக் கூடாதுங்க. ஓட்டை போட்ட பல்லு, உள்ளுக்கு ஒண்ணுமில்ல, முட்டை ஓடு மாதிரி இருக்குது. நல்லாச் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தேனே. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ரொட்டியைப் பிய்த்துப் பாலில் போட்டுத் தின்னு. கொய்யா கூடாது. முறுக்கு கூடாது. சோளக்கருது கூடவே கூடாது. கரும்புக்கு ஹிந்தியில் என்ன என்று தெரியாமல் ரோட்டோரத்து ஜூஸ் வண்டியைக் காட்டி, அது கூடாது என்றேன். அவள் சிரித்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் மாதிரி காவல் காத்தேன். யாரோ வறுத்த கடலை நீட்டியபோது தட்டிவிட்டேன். அவளும் சொன்ன சொல் தவறவில்லை. சோற்றைக்கூடக் குழைத்து, கடைவாயில் ஒதுக்கித்தான் தின்றாள். டீ நேரத்தில் கேமராவைப் போட்டுப் பேசினாள். அந்தப் பக்கம் குழந்தைக்கு விழுந்த இடத்தில் புதுப்பல் அரிசி மாதிரி எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தது. இவள் உதட்டைத் தூக்கித் தன் பல்லைக் காட்டினாள்.

சாப்பாட்டு மணி முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் மெஷினில் போய் உட்காருவோம். உட்கார்ந்து, தைத்து, குனிந்து, கடித்து, நிமிர்ந்து, அடுத்த பீஸை எடுப்போம். வலி இருந்தவரை அவள் பக்கவாட்டில் கடித்தாள். வலி போனதும் பழைய பழக்கம் தானாக வந்துவிட்டது. அவள் என்னிடமிருந்து கைநீட்டும் தூரத்தில்தான் இருந்தாள். நாள் முழுக்க என் கண் முன்னால்தான் கடித்தாள். நானும் அவள் கண் முன்னால் கடித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவே இல்லை. செட்டுப் பல்லை நூலோடு பறிகொடுத்தவள் நான். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

கடைசித் தடவைக்கு முந்தின நாள். கைக்குழந்தைகளுக்கான பனியனுக்குக் கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தோம். அவள் குனிந்தாள். நிமிரவில்லை. மெஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் மெஷின் நின்றுவிட்டதே என்று திரும்பினேன். உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பல் துண்டு. அதில் வெள்ளை நூல் இன்னும் சுற்றியிருந்தது, நூலின் மறுமுனை பனியனில் இருந்தது.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நான் ஒன்றும் தின்னவில்லை தீதி" என்றாள். நான் திட்டப் போகிறேன் என்று பயந்துவிட்டாள். அந்தப் பயத்தைப் பார்த்ததும் எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலமே போனோம். டாக்டர் பல் உடைந்த இடத்தைப் பார்த்தார், அவள் கையில் வைத்திருந்த துண்டைப் பார்த்தார், கையுறையைக் கழற்றிவிட்டார். ஈறுக்குக் கீழே வரைக்கும் பிளந்துவிட்டது, இனி வேரையும் எடுக்க வேண்டியதுதான் என்றார். அன்றைக்கு அங்கே பல் மருத்துவம் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள் வேலை கற்றுக்கொள்ள வந்து நின்றார்கள். அவர்களிடம் திரும்பி, "பாருங்க கண்ணு, இதுக்குத்தான் நான் முதல்லயே எடுத்தரலாம்னு சொன்னது. எத்தனை சொன்னாலும் கேக்கமாட்டாங்க. கரும்பு கிரும்பு கடிச்சிருப்பாங்க" என்றார். பிறகு என்னிடம், "உங்களை நம்பித்தானுங்க செஞ்சேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவளுக்குத் தமிழ் தெரியாதே தவிர முகம் தெரியும். குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ ஒண்ணும் கடிக்கல சார்" என்றேன். "நூலுதான் கடிச்சா."

"என்னங்க?"

"நூலு சார். தையல் நூலு. எங்க வேலையில எல்லாரும் கடிப்போம்."

அவருக்குப் புரியவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நான் பொய் சொல்லிச் சமாளிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. வாயிலிருந்து கையை எடுத்தேன். எடுத்து, மேலுதட்டைத் தூக்கிக் காட்டினேன். முன்பல் போன ஓட்டைக்குப் பக்கத்தில், கோரைப்பல்லின் நுனியில், நூல் ஓடி ஓடி விழுந்த பள்ளம் இருக்கிறது. நாக்கால் தடவினால் தெரியும். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரருக்குக்கூட நான் காட்டியதில்லை.

"இப்படி உக்காருங்க" என்றார் டாக்டர். நாற்காலியில் சாய்த்து வெளிச்சத்தைப் போட்டார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அட" என்றார். பிறகு, "இங்க வாங்க ரெண்டு பேரும். புஸ்தகத்துல படிச்சிருப்பீங்க, நேர்ல பாருங்க" என்று அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவர்கள் குனிந்து என் வாய்க்குள் பார்த்தார்கள். ஒருத்தி மரியாதையாகத்தான் கேட்டாள், "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா ஆன்ட்டி?" என்று. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறவள் என்ன சொல்வாள்? கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் ஒளித்து வைத்த வாயைச் செக்கிங் டேபிளில் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் இந்தத் தடவை அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"கம்பெனியில கத்தரி குடுக்கறதில்லீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"குடுத்திருக்காக சார். கட்டிப் போட்டிருக்கு. எங்களுக்குத்தான் அதுக்கு நேரமில்ல."

"இந்த முன்பல்லு? இது எப்படிங்க போச்சு?"

"நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல எடுத்தாக."

"ஏன், காப்பாத்த முடியாம இருந்துச்சுங்களா?"

"தெரியல சார். ஊருக்குப் போயிருவேன்னு எடுத்தாக."

டாக்டர் வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். அந்தப் பிள்ளைகள் போனைப் பைக்குள் வைத்தார்கள். நான் எழுந்து, இறங்கி, கையைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு அவளை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அதை நான்தான் ஹிந்தியில் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு மூன்று நாள் அவள் டீ நேரத்தில் போனைத் தொடவில்லை. வேர் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை எடுத்த பிறகும் ஊருக்குப் பேசவில்லை. லைனில் யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தபோது அவளும் சிரித்தாள். சிரித்தபோது அவள் வலது கை மேலே போய் வாயைப் பொத்தியது. நாலு விரலும் சேர்ந்து, கட்டைவிரல் கன்னத்தில் ஊன்றி, அச்சு அசலாக என் கை. நான் சிரிப்பதை இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது இதுதானா? அன்று முழுக்க அவள் பக்கம் திரும்பவே எனக்கு முகம் இல்லை.

மறுநாள் ஊரிலிருந்தே போன் வந்துவிட்டது. குழந்தை அடம்பிடித்திருக்கிறது. அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேமராவைப் போட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். அந்தப் பக்கம் ஒரே சத்தம். கையை எடு, கையை எடு என்கிறது என்று அவர்கள் ஊர்ப் பாஷை தெரியாத எனக்கே புரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கடைசியில் கையை எடுத்தாள்.

குழந்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. பயந்துவிடும் என்றுதானே இத்தனையும்? அது பயப்படவில்லை. கைதட்டிக் குதித்தது. அம்மாவுக்கும் விழுந்துவிட்டது என்று அங்கே இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியது. பிறகு போனுக்குள்ளேயே வந்துவிடுகிற மாதிரி நெருங்கி, வாயை அகலமாகத் திறந்து, தனக்கு முளைத்திருக்கிற புதுப்பல்லை விரலால் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னது. அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டு முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

குழந்தை அதை எனக்கும் ஹிந்தியில் ஒருமுறை சொன்னது. எனக்குத் தெரிந்த ஹிந்திக்கே புரிகிற மாதிரிச் சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னது. அழ வேண்டாம், கொஞ்ச நாளில் முளைத்துவிடும், எனக்கு முளைத்ததே என்றது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தது. என் கை வாய்மேல் இருந்தது. நீ ஏன் மூடியிருக்கிறாய், உனக்கும் விழுந்துவிட்டதா என்று கேட்டது.

கையை எடுத்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

குழந்தை பார்த்தது. இந்தத் தடவை கைதட்டவில்லை. என் நரைத்த தலையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உனக்கு எப்போது விழுந்தது, இன்னும் முளைக்கவில்லையா என்று கேட்டது.